கொடியில் எழுதிய மகிழ்ச்சி

இவ்வாண்டு எங்கள் ஊரில் இலைப்பொதிகள் எல்லா வீடுகளிலும் நன்றாகவே வாய்த்திருந்தன. மழை முன்னதாகவே தொடங்கிவிட்டதால் மூங்கிலிலைகள் அகலமாகவும் முறியாமலும் கிடைத்தன. ஒட்டரிசி, பாசிப்பருப்பு, பன்றிக்கொழுப்பு, உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு ஆகிய நான்கும் தத்தம் சுவையை இழக்காமல் ஒன்றாக வெந்திருந்தன. உங்கள் மேசைமேல் நான் வைத்திருக்கும் இரண்டு பொதிகள் அவற்றில் எஞ்சியவை, ஆய்வாளர் லாய். காவலர் அவற்றை உண்ணக்கூடாது என்று விதி இருந்தால் சொல்லுங்கள், எடுத்துக்கொள்கிறேன். விதி என்றால் விதிதான்.

உங்களை ‘நீங்கள்’ என்று அழைப்பது எனக்குச் சற்றுப் புதியது. நான்காம் வகுப்பில், சன்னலோர மூன்றாவது பெஞ்சில் அமர்ந்திருந்த லாய் சியூ-வானை ‘நீ’ என்றுதான் அழைத்தேன். உங்கள் கையெழுத்து அன்று வலப்பக்கம் சாயும். இன்று நேராக இருக்கிறது, மகிழ்ச்சி. பாருங்கள், இவ்விடத்தில் அச்சொல்லைப் பயன்படுத்தலாம். எந்த இடத்தில் பயன்படுத்தக்கூடாது என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நாங்கள் ஆ-சுங் என்றழைத்த மாக் சுங்-தாய் இறந்தது குறித்து நீங்கள் எழுதிய இரண்டு பக்க அறிக்கையை நேற்று என் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தீர்கள்.

“படிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்து போட்டுடுங்க, வாத்தியாரே. ஊரே உங்களக் கொண்டாடுது. நான் புதுசா என்னத்த எழுதப் போறேன்,” என்றீர்கள்.

படித்தேன். ஆ-சுங் என் வீட்டின் பின்புறப் படித்துறையில் வழுக்கி விழுந்தான் என்றும், நான் மூங்கில் கழியை நீட்டினேன் என்றும், அது அவனுக்கு எட்டவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊர்க்குழுவும் மூதாதையர் மண்டபத்தில் ஒரு பாராட்டுப் பலகையை மாட்டிவிட்டது. ‘தம் உயிரையும் பொருட்படுத்தாது காப்பாற்ற முயன்ற மாக் யுன்-பொக் ஆசிரியர்’ என்பது அதன் வாசகம். நான் நின்றது மூன்றாம் படி. நீர் என் கணுக்காலைத்தான் நனைத்தது. பொருட்படுத்தாமல் இருப்பதற்கு அங்கே என் உயிருக்கு எந்த நெருக்கடியும் இல்லை. அந்த மண்டபத்தின் தூண்களில் உள்ள ஒவ்வொரு வாசகத்தையும் முப்பது ஆண்டுகளாகத் திருத்தி வந்தவன் நான். அதே சுவரில், என் பெயராலேயே, பிழையுடன் ஒரு பலகை தொங்குவதை எப்படிப் பொறுப்பேன்? ஆகவேதான் நானே நடந்து வந்தேன்.

முதலில் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாம்கொக்கில் உள்ள நாங்கள் அனைவரும் மாக் குடியினர். எங்கள் டிராகன் படகு ஆண்டு முழுவதும் ஓடைச் சேற்றுக்கடியில் உறங்கும். நான்காம் மாதம் எட்டாம் நாள் அதைத் தோண்டியெடுத்துக் கழுவி, மண்டபத்திலிருந்து தலையைக் கொண்டுவந்து பொருத்தி, கண்களுக்குச் செந்நிறப் புள்ளி இடுவோம். எழுபது பேர் துடுப்பு வலிப்பார்கள். நடுவே முரசு. முகப்பில் ஒருவன் கொடி பிடித்து ஆடுவான். முரசின் அடியைக் காதால் கேட்பவர்களைவிடக் கொடியின் வீச்சைக் கண்ணால் பார்த்து வலிப்பவர்களே அதிகம். எனவே விழா நாளில் ஊர் முழுவதும் பார்ப்பது கொடியைத்தான். அதில் பிழை இருந்தால் எழுபது பேர் அந்தப் பிழையை நோக்கித் துடுப்பு வலிக்கிறார்கள் என்று பொருள்.

முப்பத்தொரு ஆண்டுகள் அக்கொடியை நான்தான் எழுதினேன். மஞ்சள் பட்டில் என் தூரிகையால் ஊரின் பெயர், அதன் கீழே ஒரு வாழ்த்து. கடந்த ஆறு ஆண்டுகளாக அந்த வாழ்த்து, ‘இரட்டை ஐந்து நலம்’ என்பது. காரணம் உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் மாதத்தின் ஐந்தாம் நாளில்தான், அரசனால் கைவிடப்பட்ட அந்தப் பழங்கால அமைச்சர் கல்லைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். அவரைத் தேடித்தான் மக்கள் படகுகளில் விரைந்தார்கள். அவருடலை மீன் தின்னாதிருக்கத்தான் சோற்றை நீரில் எறிந்தார்கள். ஒரு மனிதர் மூழ்கி இறந்த நாளில் ‘மகிழ்ச்சி’ என்று வாழ்த்துவது இலக்கணப் பிழையன்று, பொருட்பிழை. பொருட்பிழை இலக்கணப் பிழையினும் கொடியது.

இவ்வாண்டு ஆ-சுங் ஊர்க்குழுத் தலைவனானான். கொடி பிடிப்பவனும் அவனே. விழாவன்று காலையில் அவன் படகின் முகப்பில் ஏறிக் கொடியை விரித்தபோது, அது என் கொடியாக இல்லை. நகரத்துக் கடையொன்றில் அச்சிட்டது. பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு டிராகன். அதன் வாயிலிருந்து புறப்படுவதுபோல் ‘இரட்டை ஐந்து மகிழ்ச்சி’ என்ற சொற்கள்.

“வாத்தியாரே, எப்பிடி இருக்கு?” என்று கேட்டான். “எவ்வளவு மழை பேஞ்சாலும் சாயம் போகாதாம். போன வருஷம் உங்க மை வழிஞ்சு, நான் கரி பூசின பூனை மாதிரி நின்னேன். என் பொண்டாட்டியே என்ன அடையாளம் தெரியாம அடுத்த படகுக்காரனுக்குக் கை காட்டினா.”

“சுங், அது தப்பான சொல்லுடா,” என்றேன். “எழவு வீட்டு வாசல்ல நின்னு மகிழ்ச்சின்னு சொல்லுவியா?”

“அவரு போய் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, வாத்தியாரே. இன்னும் அழுதுக்கிட்டே துடுப்பு போட்டா, எதிரூர்க்காரன் கரையேறி, குளிச்சு, சாப்பிட்டு, தூங்கிடுவான்.”

முரசடிக்கும் பருத்த ஃபூக் தன் பங்குக்கு, “சோறு திங்கும்போது மட்டும் யாரும் அழற மாதிரி தெரியலையே, அண்ணே,” என்றான்.

எழுபது பேரும் சிரித்தார்கள். வெயில் நன்றாக இருந்தது. ஓடையின் இரு கரைகளிலும் லிச்சிப்பழக் கூடைகளோடு பெண்கள் நின்றிருந்தார்கள். அந்தக் கொடியுடனேயே எங்கள் படகு முதற்சுற்றில் ஒன்றரைப் படகு நீளம் முந்தி வென்றது. நானும் கை தட்டினேன். வெற்றிக்கு எதிராக எனக்கு எதுவும் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

பத்தரை மணிக்கு மண்டபத்தில் படகுச் சோறு. இறுதிச்சுற்று பிற்பகலில் என்பதால் அவசரமின்றி உண்டார்கள், அளவின்றிக் குடித்தார்கள். பொரித்த மீனும் வாத்து வறுவலும் மேசைக்கு மேசை போயின. அப்போது ஆ-சுங் எழுந்து, பந்தயத்தைக் காட்டுவதற்காகச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் தன் கைப்பேசியிலிருந்து ஒரு படத்தைக் காட்டினான்.

“எல்லாரும் வாயில இருக்கறத முழுங்கிட்டு இங்க பாருங்க. அப்புறம் புரையேறிச்சுன்னா நான் பொறுப்பில்ல.”

அது எங்கள் பள்ளியின் பழைய வகுப்புப் படம். இரண்டாம் வரிசையில் நீங்களும் இருக்கிறீர்கள், இரட்டைப் பின்னலுடன். நான் நடுவே நிற்கிறேன். எனக்குப் பின்னால் கரும்பலகை. அதில், பூவேலைப்பாடுகளுக்கு நடுவே, சுண்ணக்கட்டியால் எழுதப்பட்ட வாழ்த்து: ‘இரட்டை ஐந்து மகிழ்ச்சி’.

“இது யாரு கையெழுத்துன்னு யாராவது சொல்லணுமா?” என்றான் ஆ-சுங். “நாம எல்லாரும் முட்டி போட்டு நூறு தடவ பாத்து எழுதின கையெழுத்து.”

“வாத்தியாரே,” என்று ஃபூக் என் குரலிலேயே கூவினான். “திருத்தி நூறு தடவ எழுதிட்டு வாங்க. மதியப் பந்தயத்துக்கு முன்னாடி எங்கிட்ட காட்டணும். அடித்தல் இருந்தா இன்னொரு நூறு.”

மண்டபமே குலுங்கியது. குச்சிகளால் கிண்ணங்களைத் தட்டி, படகு முரசின் தாளத்தில், “நூறு, நூறு,” என்று பாடினார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததை எல்லாரும் பார்த்தார்கள், வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள். நகைச்சுவை எனக்குப் பிடிக்காத பண்பன்று.

அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். மறுக்கவில்லை. ஆனால் அது எழுதப்பட்ட காலத்தில் அந்த விதி என்னை வந்தடைந்திருக்கவில்லை. ஒரு விதி வருவதற்கு முன்பு செய்தது பிழையாகாது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு விழாவுக்கு முதல்நாள், கைப்பேசியில் எனக்கு அந்த விதி ஒரு செய்தியாக வந்தது. அனுப்பியவர் யாரென்று தெரியாது. ஆயினும் பன்னிரண்டு வரிகளில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. அப்படி எழுதக்கூடிய ஒருவர் பொய் சொல்வாரா? நேற்று இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

“அது சும்மா ஃபோன்ல சுத்துற கதை, வாத்தியாரே. எங்க அப்பா, தாத்தா எல்லாரும் மகிழ்ச்சின்னுதான் சொன்னாங்க. பழைய புத்தகத்துல அப்பிடி ஒரு விதியே கிடையாதாம்,” என்றீர்கள்.

உங்கள் கருத்தை மதிக்கிறேன். அது இவ்வழக்குக்குத் தொடர்பில்லாதது.

இரட்டை ஐந்தின் நண்பகலில் ஓடைநீரைத் தலையில் வார்த்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் நோய் அண்டாது என்பதால், உணவு முடிந்ததும் அவரவர் அருகிலுள்ள படித்துறைகளுக்குச் சென்றனர். மண்டபத்துக்கு மிக அருகில் உள்ளது என் வீட்டுப் படித்துறை. ஆ-சுங் தனியாகவே வந்தான். கொடி பிடிப்பவன் இடுப்பில் சுற்றும் ஏழு முழச் சிவப்புத் துணியை இறுதிச்சுற்று முடியும்வரை அவிழ்க்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம், அதனுடனேயே வந்தான். முகம் சிவந்திருந்தது. கையில் ஒரு கிண்ணம், அதில் அவன் மனைவி மேய்-லின் கட்டிய பொதி ஒன்று.

நான் அப்போது பின்வாசல் நிலையின்மேல் விழாவுக்குக் காப்பாகச் செருகியிருந்த மாசிப்பத்திரியையும் வசம்பையும் ஒரு மூங்கில் கழியால் சரிசெய்துகொண்டிருந்தேன்.

“கோவமா, வாத்தியாரே?” என்றான். “சும்மா ஒரு தமாசு. இந்தாங்க, ரெட்டைக் கரு. மேய்-லின் உங்களுக்குன்னு தனியா நூல் மாத்திக் கட்டினா. அடுத்த வருஷம் கொடிய நீங்களே எழுதுங்க, நலம்னே எழுதுங்க. மைய மட்டும் கொஞ்சம் கெட்டியாக் கலக்குங்க. என் மூஞ்சி பாவம்.”

கிண்ணத்தை வாங்கிச் சன்னல் திட்டில் வைத்தேன். அவன் நல்ல பிள்ளை. வகுப்பிலும் அப்படித்தான், தவறு செய்வான், உடனே சிரிப்பான், ஏதேனும் கொண்டுவந்து தருவான். தவறு மட்டும் அப்படியே இருக்கும்.

அவன் படிகளில் இறங்கினான். ஐந்தாம் படியில் பாசி இருந்ததை நான் அறிவேன், அவனும் அறிவான். ஒருவார மழையில் ஓடை பெருகியிருந்தது. படகுகள் செல்ல மதகைத் திறந்துவிட்டிருந்ததால் இழுப்பும் அதிகம். இரண்டு கை நீரைத் தலையில் வார்த்துக்கொண்டவன், மூன்றாம் முறை குனிந்தபோது வழுக்கினான். அதுவரை உங்கள் அறிக்கையில் பிழை ஏதும் இல்லை.

அவன் நீந்தத் தெரிந்தவன்தான். ஆனால் வயிறு நிறையச் சோறும் மதுவும். படகு கட்டும் பழைய கம்பத்தை எட்டிப் பிடித்துக்கொண்டான். அது படியிலிருந்து ஏழடித் தொலைவு. அங்கிருந்தபடியே சிரித்தான்.

“போச்சு, வாத்தியாரே. பந்தயத்துக்கு முன்னாடியே நான் முந்திட்டேன். அந்தக் கழிய இப்பிடி நீட்டுங்க.”

நீட்டினேன். என் கழி பதினோரடி. பதினொன்றில் ஏழு போனால் நான்கு. ‘எட்டவில்லை’ என்று எப்படி எழுதினீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அவன் ஒரு கையால் அதைப் பற்றினான்.

“சரியாச் சொல்லு. இழுக்கறேன்,” என்றேன்.

அவனுக்குப் புரிந்தது. கண்ணைச் சிமிட்டினான். “இரட்டை ஐந்து மகிழ்ச்சி, வாத்தியாரே,” என்றான்.

அந்தக் கணத்தில் அவன் சரியான சொல்லைச் சொல்லியிருந்தால் இழுத்திருப்பேன். இதில் எனக்கு ஐயமே இல்லை. கழியை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தேன். அதைத் தவறவிடாதிருக்க அவன் கம்பத்தை விட்டுவிட்டு, இரு கைகளாலும் கழியைப் பற்றினான். இழுப்பு அவனைத் திருப்பியது.

“விளையாடாதீங்க, வாத்தியாரே. துணி கால்ல சுத்திக்கிச்சு.”

அது நான் கேட்ட வினாவுக்கு விடையன்று. மீண்டும் கேட்டேன். அவன் வாயில் நீர் புகுந்தது. “நல்” என்றான், அதற்குமேல் வரவில்லை. அது ‘நலம்’ என்பதன் தொடக்கமாக இருக்கலாம். ‘நல்லா இருப்பீங்க’ என்பதன் தொடக்கமாகவும் இருக்கலாம். முடிவுபெறாத விடைக்கு முப்பத்தெட்டு ஆண்டுப் பணியில் நான் ஒருமுறையும் மதிப்பெண் வழங்கியதில்லை, உங்களுக்கும் வழங்கியதில்லை. கழியைச் சுழற்றினேன். ஈர மூங்கிலைக் கால்சுற்று திருப்பினாலே போதும், எவருடைய பிடியும் நழுவிவிடும்.

மண்டபத்தின் முன் பட்டாசுச் சரம் வெடித்துக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் கூவுவது வீண் என்பதால், அது ஓயும்வரை காத்திருந்து, பிறகு உதவிக்குக் கூவினேன். என் குரல் தெளிவாகக் கேட்டதாக ஃபூக் உங்களிடம் சொல்லியிருக்கிறான். வகுப்பறையில் பழகிய குரல்.

அதன்பின் நடந்ததை நான் மனநிறைவுடன் நினைவுகூர்கிறேன். இறுதிச்சுற்றுக்காகக் காத்திருந்த இரண்டு ஊர்ப் படகுகளும் ஓடையில் இறங்கின. எதிரூர்க்காரர்களும் எங்கள் ஊர்க்காரர்களும் அருகருகே வலித்தார்கள். முரசு அடித்தது, யாரும் முந்த முயலவில்லை. எல்லாரும் நீரையே பார்த்தார்கள். மேய்-லின் கரையோரமாக ஓடி, கூடையிலிருந்த பொதிகளை ஒவ்வொன்றாக நூலறுத்து நீரில் எறிந்தாள். ஒருவனைத் தேடிப் படகுகள் விரைகின்றன. அவனை மீன் தீண்டாதிருக்கச் சோறு விழுகிறது. எத்தனையோ ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் ஒருவர் மனத்திலும் பதியாத பொருள் அன்று ஒரே பிற்பகலில் எல்லாருக்கும் விளங்கியது. நானறிய எங்கள் ஊரில் அவ்விழா முறைப்படி நடைபெற்றது அன்றுதான். மூன்று மணியளவில் அவனை கீழ்மதகின் கம்பிகளிடையே கண்டெடுத்தார்கள்.

சன்னல் திட்டில் இருந்த பொதியை அன்று மாலை உண்டேன். மேய்-லின் கை பக்குவமானது.

பயனையும் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு வாரங்களில் நாம்கொக்கில் ஒருவரும் ‘மகிழ்ச்சி’ என்று சொல்லி நான் கேட்கவில்லை. அந்தக் கொடியை ஃபூக்கே எரித்துவிட்டான். “நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும், வாத்தியாரே. சாவு நாளுல நாங்க சிரிச்சோம், சாவு வந்துச்சு,” என்று என் வாசலில் நின்று அழுதான். அடுத்த ஆண்டுக்கான பட்டும் வந்துவிட்டது. மேய்-லின் உப்பிட்ட முட்டைகளோடு வந்து, என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, “கடைசியா அவரு பாத்தது உங்க முகத்த. அந்த ஒண்ணுதான் எனக்கு ஆறுதல், ஐயா,” என்றாள். ஆறுதல் என்ற சொல்லை அவள் சரியாகவே பயன்படுத்தினாள். நானும் தலையசைத்தேன். மண்டபத்தில் அவர்கள் சிரித்த சிரிப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. அன்று சிரித்தவர்கள் எத்தனை பேர், கிண்ணத்தைத் தட்டியவர்கள் எத்தனை பேர் என்பது எனக்கு நினைவிருப்பது, வகுப்பில் வருகைப்பதிவு எடுத்த பழக்கத்தால் மட்டுமே. எழுபத்தாறு, நாற்பத்தொன்று.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுகோலையும் கீழே வைத்துவிட்டீர்கள். “வேணாம், வாத்தியாரே. இதோட வீட்டுக்குப் போங்க. வயசாச்சு, மனசு கலங்கிக் கிடக்கு,” என்று மெல்லச் சொல்கிறீர்கள். உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் என் மனம் கலங்கவில்லை. உங்கள் வாக்கியம்தான் கலங்கியிருக்கிறது. உங்களுக்கு ஓர் எளிய முடிவு கைவசம் இருக்கிறது: நான் இந்தத் தாளில் உள்ளபடி கையெழுத்திட்டால், விபத்து என்று கோப்பை மூடிவிடலாம். பலகை மண்டபத்தில் தொங்கும். நான் கொடி எழுதுவேன். எல்லாருக்கும் நலம். ஆயினும் பிழையுள்ள தாளின் கீழே என் பெயரை எப்படி எழுதுவேன், சியூ-வான்? நாளை அதைப் படிக்கும் ஒருவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

உங்கள் எழுதுகோலைச் சற்றுக் கொடுங்கள். முதற்பக்கத்தில் ‘எட்டவில்லை’ என்பதை ‘எட்டியது’ என்று மாற்றிவிட்டேன். இரண்டாம் பக்கம், பதினான்காம் வரி: ‘அவன் நீரில் மூழ்கினான்.’ எழுவாய் அவன், வினை தன்வினை. ஒரு செயலை இன்னொருவர் செய்விக்கும்போது வினை பிறவினையாக வர வேண்டும்; செய்தவர் எழுவாயாக வர வேண்டும். இதை நான்காம் வகுப்பிலேயே உங்களுக்குக் கற்பித்தேன். மறந்திருக்கிறீர்கள், போகட்டும். ‘நான் அவனை நீரில் மூழ்கடித்தேன்’ என்று திருத்தியிருக்கிறேன். இப்போது வாக்கியம் சரியாக இருக்கிறது. எங்கே கையெழுத்திட வேண்டும் என்று காட்டுங்கள்.